அல்சூர் மாடி வீட்டில் பாட்டுப் பதிவு: எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில், மெட்ரோ மேம்பாலத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் கர்நாடக சங்கீதம் பாடுவேன், தம்பி மிருதங்கம் வாசிப்பான். வீட்டிலேயே பதிவு செய்து யூடியூபில் போட ஆசை. 10-க்கு 10 அறை ஒன்று காலியாக இருக்கிறது. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. லேப்டாப் விண்டோஸ், 8 ஜிபி ரேம். கண்டென்சர் மைக் வாங்கி, அறை முழுக்க ஃபோம் ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். அப்படியே செய்யலாமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது?

பதில்: இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் பாட உட்காரும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அந்த அறையின் நடுவில் வைத்துப் பத்து நிமிடம் ரெக்கார்டு செய்யுங்கள். யாரும் பேச வேண்டாம். பிறகு இயர்ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ரயில் போவது, ஆட்டோ ஹாரன், குக்கர் விசில் எல்லாம் விட்டு விட்டு வருபவை. அவற்றுக்கு இன்னொரு டேக் எடுத்தால் தீர்ந்தது. இடைவிடாமல் ஓடும் இரைச்சல்தான் தொல்லை: பக்கத்து அறை ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், தெருவின் மொத்த முழக்கம். நீங்கள் கார்வை கொடுத்து நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அது தலைகாட்டும். எந்த மைக் என்பதை இந்தப் பத்து நிமிடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்டென்சர் மைக் (ஸ்டுடியோவில் வைக்கும் நுணுக்கமான வகை) எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடிக்கும் வகை) இழுக்காது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். உண்மையான வித்தியாசம் நீங்கள் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் பாட முடியும் என்பதில் இருக்கிறது. பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் குரல் 6 டெசிபல் கூடும், ஆனால் தெருச் சத்தம் அப்படியே இருக்கும். கண்டென்சரை உதட்டருகே வைத்தால் 'ப', 'ச' எல்லாம் வெடித்துச் சீறும். அதனால் அதை எட்டு அங்குலமாவது தள்ளி வைப்போம். ஷுர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக்கில் இரண்டு அங்குலத்தில் பாடலாம். எட்டு, நான்கு, இரண்டு என்று இரண்டு முறை தூரம் பாதியாகிறது. ஆக, தெரு இரைச்சலைவிட உங்கள் குரல் 12 டெசிபல் கூடுதலாக முன்னே வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேராலும் இதைச் சுத்தமாகச் செய்ய முடியாது.

இதில் ஒரு தொந்தரவும் உண்டு. அவ்வளவு பக்கத்தில் பாடினால் குரலில் அடிநாதம் வீங்கும். மந்திர ஸ்தாயியில் குரல் கனத்துப்போய், மேலே போகும்போது மெலிந்த மாதிரி தோன்றும். மூன்று நான்கு அங்குலத்தில், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாடிப் பாருங்கள். தார ஸ்தாயியில் நிற்கும்போது தலையைப் பின்னால் எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி மேடையில் இதைத் தானாகவே செய்வீர்கள், வீட்டில் ஹெட்ஃபோன் போட்டதும் மறந்துபோகும். மிச்சமிருக்கும் கனத்தை சாஃப்ட்வேரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிச் சரிசெய்யலாம்.

இனி ஃபோம். ஃபோம் வெளிச் சத்தத்தை உள்ளே வராமல் தடுக்காது. அறைக்குள் எழும் எதிரொலியை மட்டும் உறிஞ்சும். இரண்டு அங்குல ஃபோம் நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். 10-க்கு 10 அறையின் பிரச்சினை அங்கே இல்லை. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸ் பக்கமும் அதன் மடங்குகளிலும் நாதம் இரண்டு திசையிலும் சேர்ந்து முழங்கும். கூரையும் பத்தடி என்றால் மூன்று திசையிலும். தம்பியின் மிருதங்கத் தொப்பி (கனமாக ஒலிக்கும் இடது முகம்) முழக்கம் அந்த அறையில் வீங்குவதற்குக் காரணம் இதுதான். ஃபோம் ஒட்டினால் மேல் சத்தம் மட்டும் செத்து, அடி முழக்கம் அப்படியே நிற்கும். கேட்க இன்னும் மோசம்.

அந்தக் காலி அறையை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. படுக்கையறையில் கட்டில் மெத்தை இருக்கிறது, துணி அடைத்த பீரோ இருக்கிறது. பீரோக் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாடுங்கள். மைக் பார்த்திருக்கும் சுவர் உங்கள் முதுகுப் பக்கம், எனவே மெத்தென்ற பொருள் அங்கேதான் வேண்டும். தரையில் ஜமக்காளம், ஜன்னலில் கனமான திரை. சுவரிலிருந்து அரையடி தள்ளித் தொங்கவிட்ட பஞ்சு ரஜாய், சுவரோடு ஒட்டிய ஃபோமைவிடக் கீழ்ச் சத்தத்தை அதிகம் உறிஞ்சும்.

மிருதங்கத்துக்கும் சேர்த்து இரண்டு மைக் உள்ளீடு கொண்ட ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி போன்றவை இந்த வகை. யூஎஸ்பி மைக் வாங்கினால் ஒருவரோடு நின்றுவிடும். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் ஒத்து ஓட வைப்பது பெரும்பாடு. ஆன்லைனில் மைக், ஸ்டாண்ட், சின்ன சவுண்ட் கார்டு எல்லாம் சேர்த்துச் சொற்ப விலைக்கு விற்கும் 'ஸ்டுடியோ செட்' வேண்டவே வேண்டாம். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் ஒயர் வழியே போகும் மின்சாரம்) வேண்டும், அந்தக் குட்டி சவுண்ட் கார்டுகள் பொதுவாக அதைத் தருவதில்லை.

உங்களுக்கு ஒரு எஸ்எம்58, தம்பிக்கு ஒரு எஸ்எம்57 போதும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள். இந்த மைக்குகள் முன்னால் வரும் ஒலியை வாங்கி, நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் விலக்கும். உங்கள் மைக்கின் பின்பக்கம் தம்பியைப் பார்க்கட்டும், அவர் மைக்கின் பின்பக்கம் உங்களைப் பார்க்கட்டும். மிருதங்க மைக்கை ஒன்றரை அடி தள்ளி, இரண்டு முகத்துக்கும் நடுவில், கொஞ்சம் வலந்தலை (வலது முகம்) பக்கம் சாய்த்து வைத்து ஆரம்பியுங்கள். 'நம்', 'தின்' தெளிந்து, தொப்பி அமுங்காத இடம் வரும்வரை விரல் விரலாக நகர்த்துங்கள். இதற்கு ஒரு மாலை முழுதும் போனாலும் பரவாயில்லை.

தனித்தனியாகப் பாடி, வாசித்துச் சேர்க்கலாமே என்று தோன்றலாம். கீர்த்தனையில் நீங்கள் ஒரு சங்கதியை இழுத்தால் அவர் அதற்கேற்ப வாசிப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பிரித்து எடுத்தால் உயிர் போய்விடும். இரண்டு மைக்கிலும் கொஞ்சம் கலந்தாலும் சரி, சேர்ந்தே பதிவு செய்யுங்கள். தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை மட்டும் தனியாக எடுக்கலாம்.

சுருதியை ஸ்பீக்கரில் போடாதீர்கள். அது இரண்டு மைக்கிலும் ஏறிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. தம்பூராவைத் தனி டிராக்காக முதலிலேயே பதிந்து, இருவரும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரு காதைப் பாதி திறந்து வைத்தால் சொந்தக் குரலும் சுருதியும் சேர்ந்து கேட்கும். ஹெட்ஃபோன் காதை மூடும் வகையாக இருக்கட்டும், ஒயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கும் மேல் தாமதமாகலாம், தாளம் நிற்காது. இண்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும். இண்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) கட்டாயம் நிறுவுங்கள். மற்றபடி 8 ஜிபி ரேம் உங்கள் வேலைக்குத் தாராளம்.

சாஃப்ட்வேருக்கு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி முழுக்க இலவசம், ஒரே குரலைப் பதிந்து வெட்ட அது போதும். ஆனால் பல டிராக்கை வைத்து நிதானமாக மிக்ஸ் செய்ய ரீப்பர்தான் கைக்கு வாகு. திருட்டு காப்பி வேண்டாம். அதோடு வைரஸ் வந்து, செய்த பதிவெல்லாம் போய்விடக் கூடும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரு டிராக் நிமிடத்துக்கு 9 எம்பிகூட ஆகாது. உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினை (மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ்) வைத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். 24 பிட்டில் சத்தம் குறைவாகப் பதிவதால் நஷ்டமில்லை. சிவப்பைத் தொட்டு உடைந்த ஸ்வரத்தை மீட்கவே முடியாது.

இண்டர்ஃபேஸ், இரண்டு மைக், ஹெட்ஃபோன், ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் ஒயர் (மைக்கை இண்டர்ஃபேஸோடு இணைப்பது) எல்லாம் விலை பார்த்து வாங்கினால் உங்கள் தொகைக்குள் அடக்கலாம். ரீப்பர் உரிமம் இரண்டு மாதம் பொறுக்கும். ஒயர், அடாப்டர் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் பிளக் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தே வாங்குங்கள். பதிவில் 'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஊளை கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பதியும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள்.

மானிட்டர் ஸ்பீக்கர் (மிக்ஸ் செய்யும்போது கேட்க வைக்கும் ஸ்டுடியோ ஸ்பீக்கர்) இப்போது வேண்டாம். அந்த அறையில் அது உண்மையைச் சொல்லாது. ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்து, கைப்பேசியிலும் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் தொப்பி கேட்கவில்லையே என்று அதை ஏற்றிவிடாதீர்கள், அதே பாட்டு காரில் கதவு அதிரக் கேட்கும். கடைசியில் சத்தத்தை நசுக்கிப் பெரிதாக்கவும் வேண்டாம். யூடியூப் மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு மேல் உள்ளதைத் தானே இறக்கிவிடும். ரீப்பரில் ரெண்டர் செய்யும்போது அந்த எண் தெரியும். உங்கள் பாட்டு மைனஸ் 16-இல் நின்றாலும் அப்படியே விடுங்கள். கீழே மெல்லப் பாடியது மெல்லவே கேட்க வேண்டும்.