வாசகர் கேள்வி - பதில்: செட்டிநாட்டு வானமும் உங்கள் கேமராவும்

நிலா, நட்சத்திரங்களைப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளில், காரைக்குடி வட்டாரத்து வாசகர்களுக்கு உடனே உதவக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

பௌர்ணமி அன்று மொட்டை மாடியில் நின்று போனில் நிலாவை எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் வருகிறது. விலை அதிகமான போன் வாங்கினால் சரியாகுமா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

வாங்க வேண்டாம், முதலில் கையில் இருப்பதைப் பழக்குங்கள். இராத்திரி எடுக்கிறோம் என்பதால் போன் மொத்தப் படத்தையும் இருட்டு என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. ஆனால் நிலாவின் தரையில் அந்த நேரம் நல்ல பகல், நம்மூர் மத்தியான வெயில் அடிக்கிற அதே சூரியன்தான் அங்கேயும் அடிக்கிறது. அதனால் பகலில் எடுப்பது மாதிரியே எடுக்க வேண்டும். திரையில் நிலாவைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், கறைகள் தெரிய ஆரம்பிக்கும். புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 50, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/500 விநாடி என்று தொடங்கி, இன்னும் வெளுத்தால் 1/1000, 1/2000 என்று போங்கள். நைட் மோட் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் படத்தில் நிலா சின்னதாகத்தான் இருக்கும். போனின் பிரதான லென்ஸில் நிலா விழும் இடம் குறுக்காக முப்பது, ஐம்பது பிக்சல்தான், அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது. வீட்டில் 10x50 பைனாகுலர் இருந்தால் அதை ட்ரைபாடிலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் வைத்து, கண் வைக்கும் பக்கத்தில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். பள்ளங்கள் வந்துவிடும். பகலில் மட்டும் இதைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண்ணும் போகும், போனும் போகும்.

நிலா படத்தில் போனே விவரங்களை வரைந்து சேர்க்கிறது என்கிறார்களே, உண்மையா?
- பள்ளி மாணவி, புதுவயல்

சில போன்களில் உண்மைதான். நிலா என்று அடையாளம் கண்டதும், ஏற்கெனவே கற்றுவைத்திருக்கும் நிலாப் படங்களின் உதவியோடு விவரத்தைக் கூட்டுகின்றன. உன் போன் எப்படி என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி கம்ப்யூட்டர் திரையில் சின்னதாகக் காட்டு, அறையை இருட்டாக்கு, தள்ளி நின்று ஜூம் செய்து எடு. திரையில் இல்லாத பள்ளம் போனில் வந்தால் அது நீ எடுத்த படம் இல்லை.

குன்றக்குடி மலைக்குப் பின்னால் பெரிய நிலா எழும்புவது மாதிரி ஒரு படம் எடுக்க ஆசை. நேரில் பெரிதாகத் தெரிகிறது, போட்டோவில் கடுகாகிவிடுகிறது. ஏன்?
- வாசகர், தேவகோட்டை

நேரில் பெரிதாகத் தெரிவது மனம் செய்கிற வேலை. அடிவானத்தில் மரம், வீடு, மலை பக்கத்தில் பார்க்கும்போது அப்படித் தோன்றுகிறது, அளந்து பார்த்தால் உச்சியில் இருக்கும்போதும் ஏறக்குறைய அதே அளவுதான், சுமார் அரை டிகிரி. படத்தில் நிலாவைப் பெரிதாக்க முடியாது, முன்னால் இருக்கும் பொருளைத்தான் சிறிதாக்க முடியும். அதாவது நீங்கள் பின்னால் போக வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பொருளின் அகலத்தைப்போல 110 மடங்கு தூரத்தில் நின்றால் அது நிலா அகலத்துக்கு வந்துவிடும். 10 மீட்டர் அகலமுள்ள மண்டபம் 1,100 மீட்டரில் நிலா அளவு. உங்களுக்குப் பொட்டல், வயல், கண்மாய்க்கரை என்று எதுவும் மறைக்காத சமதரை இருக்கிறது, மலையும் தனியாக எழும்பி நிற்கிறது. மலைக்கு மேற்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கோயில் தெளிவாகத் தெரிகிற ஒரு கரையைப் பகலிலேயே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் 200 எம்எம்மாவது வேண்டும், 300 இருந்தால் நல்லது.

இன்னும் இரண்டு விஷயம். மார்கழிப் பௌர்ணமி நிலா கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதிக்கும், ஆனிப் பௌர்ணமி தெற்கே தள்ளி உதிக்கும், சூரியன் அந்தந்த மாதம் போகிற பக்கத்துக்கு நேர் எதிர். ஆகவே ஒரே இடத்தில் வருஷம் முழுக்க நின்று பயனில்லை, மாதத்துக்கு ஏற்ப நிற்கிற இடம் நகரும். அப்புறம், பௌர்ணமியைவிட முந்தின நாள் நல்ல நாள். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், முந்தின நாள் சூரியன் அடைவதற்கு முன்னாலேயே எழும்பி, அந்தி வெளிச்சத்தில் மலையும் தெரியும் நிலாவும் வெளுக்காது. நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

பிள்ளையார் நோன்புக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். சாதாரண டிஎஸ்எல்ஆர், 18-55, 55-250 லென்ஸ்கள், ஒரு ட்ரைபாட் இருக்கின்றன. இங்கே அடுக்குமாடி வெளிச்சத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அங்கே என்ன எடுக்கலாம்?
- வாசகி, சிங்கப்பூர்

ஆச்சி, நீங்கள் வருகிற நாள் படம் எடுக்க வருஷத்திலேயே மிகவும் தோதான நாட்களில் ஒன்று. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், வளர்பிறை சஷ்டி, சதயம் கூடுகிற நாள் அல்லவா? சஷ்டி நிலா பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், வெயில் சாய்வாக விழும், பள்ளங்களின் நிழல் நீளமாக இருக்கும். பௌர்ணமியில் நிழலே இல்லாமல் தட்டையாகிவிடுவதால் படத்துக்கு அது சுகப்படாது.

நோன்பு முடித்து இழை எடுத்த கையோடு மாடிக்கு வாருங்கள். 55-250ஐ 250இல் வைத்து, எஃப்/8 (லென்ஸின் வாய் திறக்கும் அளவு), ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/125. ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டம் தடுக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள், இரண்டு விநாடி டைமர் போடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் நடுவுக்குச் சற்றுத் தெற்கே மூன்று பெரிய பள்ளங்கள் ஒன்றையொன்று ஒட்டி வளைவாக நிற்கும்: தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அகலம், காரைக்குடியிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகிற தூரம். தியோஃபிலஸ்தான் இளையது, அதன் சுற்றுச்சுவர் சிரிலஸின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பது வெளிச்சம் சரியாக விழுந்தால் 250 எம்எம் லென்ஸிலேயே தெரியும். சஷ்டியன்று சூரியன் உதிக்கிற கோடு இவற்றின் மேலேயே நிற்கிறது, மறுநாள் நிழல் சுருங்கிவிடும்.

நிலா நடுராத்திரிக்கு முன்னால் அடைந்துவிடும். அதற்கப்புறம் 18-55ஐ மாட்டுங்கள், தெற்கே திரும்புங்கள். சிரியஸ் மேலே ஜொலிக்கும், அதற்குக் கீழே 27 டிகிரி உயரத்தில் அகத்திய நட்சத்திரம். ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இது எழும்புவதே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தால் அதே தெற்கில் தென்சிலுவை நிற்கும். கோலம் போட எழுகிறவர்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம்.

நட்சத்திரங்களை எடுத்தால் எல்லாமே உருண்டையான பஞ்சு மாதிரி மங்கலாக இருக்கின்றன. ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை.
- வாசகர், பள்ளத்தூர்

நட்சத்திரத்தில் ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் பிடிக்காது. லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியையும் நம்ப வேண்டாம், நிறைய லென்ஸ்களில் அது சரியான இடத்தில் இருப்பதில்லை. மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவைப் போட்டு, இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, திரையை மட்டும் 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் ஊசிமுனையாகும், தாண்டினால் திரும்பப் பெருக்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து அந்த ஊசிமுனையில் நிறுத்தி, வளையத்தின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டு நகர்ந்தால் அந்த இரவு முழுக்க வீண்.

ஷட்டர் நேரத்துக்கு 500ஐ லென்ஸின் எம்எம்மால் வகுங்கள், சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சார் சிறியது என்பதால் இன்னொரு முறை 1.5ஆல் வகுங்கள். 18 எம்எம்முக்கு 18 விநாடி வரும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால் அதைத் தாண்டினால் புள்ளி கோடாகிவிடும். என்னைக் கேட்டால் 12, 15இல் நிறுத்துவதுதான் நல்லது. ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் வடிவத்தில் எடுங்கள். ஒரே இடத்தை 16 தடவை எடுத்து, சீக்வேட்டர் மாதிரி இலவச மென்பொருளில் அடுக்கினால் குருணை (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகக் குறையும். விலை உயர்ந்த லென்ஸுக்குக் கொடுக்கிற பணத்துக்குப் பதில் ஒரு கால்மணி நேரப் பொறுமை.

கானாடுகாத்தானில் இருக்கிறோம். பால்வெளியை எப்போது எடுக்கலாம்? ஊரைச் சுற்றி இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படத்தில் தெற்குப் பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது.
- வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் தெற்கில் இருப்பது காரைக்குடி. பால்வெளியின் மையமும் தென்கிழக்கில் எழுந்து தெற்கு வழியாகப் போகிறது, ஆக நீங்கள் பார்க்க வேண்டிய பக்கத்திலேயே நகர வெளிச்சம் நிற்கிறது. கிராமத்தில் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், எந்தக் கிராமம், நகரத்துக்கு எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. தேவகோட்டையையும் தாண்டித் தெற்கே, திருவாடானை போகிற பக்கம் வயல்வெளிக்குப் போய்ப் பாருங்கள். ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மார்ச் நடுவில் மையம் இரவு ஒரு மணி வாக்கில் எழும்புகிறது, மூன்று மணிக்கு நல்ல உயரம். மே நடுவில் பத்து, பதினொரு மணிக்கே பார்க்கலாம். நம் அட்சரேகையில் அது 50 டிகிரி உயரம் வரை ஏறுகிறது, லண்டனில் இருப்பவர்கள் 10 டிகிரி உயரத்தில் புகைமூட்டத்தோடு பார்ப்பதை நாம் அரை வானத்துக்கும் மேலே பார்க்கிறோம். ஆனி, ஆடியில் மேகம் தொந்தரவு, ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி முதல் வைகாசி வரை அமாவாசையை ஒட்டிய நாட்களை விடாதீர்கள். 18 எம்எம், எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி.

கண்மாய்க்கரைக்குத் தனியாகப் போக வேண்டாம், பக்கத்து ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்ஸ் போடுங்கள், பாம்பும் கருவேல முள்ளும் இருட்டில் தெரியாது. டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது.

பழைய வீட்டின் மேல் நட்சத்திரங்கள் வட்டம் வட்டமாகச் சுழல்கிற மாதிரிப் படங்கள் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எடுக்க முடியுமா?
- வாசகர், கோட்டையூர்

அந்த வட்டங்களின் நடுவில் இருப்பது துருவ நட்சத்திரம். அது எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில் நிற்கும், நமக்கு 10 டிகிரி, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் வருகிற உயரம். இரண்டு மாடி முகப்புக்கு முன்னால் நின்றால் வீடு அதை மறைத்துவிடும். நீங்கள் பார்த்த படங்கள் வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளில் எடுத்தவையாக இருக்கலாம்.

ஆனால் உங்களுக்கு அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, முற்றம். வளவில் எல்லா விளக்கையும் அணைத்து, கேமராவை முற்றத்துத் தரையில் மல்லாக்க வைத்து, 18 எம்எம்மில் நேர்மேலே பாருங்கள். சுற்றிலும் தாழ்வாரத்து ஓடுகள் சட்டமாக வரும், நடுவில் வானம். நம் தலைக்கு நேர்மேலே போகிற நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய நேர்கோடாகப் போகும். திருவாதிரையும் மகமும் செட்டிநாட்டின் உச்சிக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள்ளேயே கடக்கின்றன, ஆதிரை செம்மஞ்சள் என்பதால் அதன் கோடு மட்டும் தனி நிறத்தில் விழும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நடுராத்திரியை ஒட்டி அது உச்சிக்கு வரும், அதற்கு அரை மணி முன்னதாகத் தொடங்குங்கள். 30 விநாடிப் படங்களாக இடைவெளி இல்லாமல் 120 எடுத்தால் ஒரு மணி நேரம், 15 டிகிரி நீளக் கோடுகள். ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும். குரங்குக்காக முற்றத்தின் மேல் கம்பி வலை போட்டிருந்தால் அது மங்கலாகப் படத்தில் வரும், அந்த வீடுகளில் மாடிதான் வழி.

டெலஸ்கோப் வாங்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பார்ப்பதற்கு என்றால் 6 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பிப் பார்க்கும் எளிய தாங்கியில் நிற்கும் டெலஸ்கோப்) வாங்குங்கள், சனியின் வளையம் தெளிவாகத் தெரியும். நெபுலா, கேலக்ஸி என்று நீண்ட நேரம் திறந்துவைத்துப் படம் எடுப்பதற்கு என்றால் இப்போது வேண்டாம், வானத்தோடு சேர்ந்து சுழல்கிற தாங்கி இல்லாமல் அது நடக்காது, செலவு அதில்தான். அந்தப் பணத்தில் சிறு பங்குக்கு ஆடாத ட்ரைபாடும் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸும் வாங்கிவிடலாம். மார்கழியில் வேடன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் இருக்கும் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருப்பது, அந்த லென்ஸில் நான்கு விநாடியில் இளஞ்சிவப்பாக விழும்.

மார்கழியில் அரை மணி நேரத்தில் லென்ஸ் பனி பிடித்துவிடுகிறது. துடைத்தால் கீறல் விழுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, தேவகோட்டை

துடைக்காதீர்கள். லென்ஸ் ஹூட் போடுங்கள், இடையிடையே வேறு யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டட்டும். ஏசி அறையில் இருந்து நேரே வெளியே எடுக்கவும் வேண்டாம், பைக்குள்ளேயே அரை மணி இருந்து வெளிச்சூட்டுக்கு வரட்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் பூஞ்சை வந்துவிடும், விசிறிக் காற்றில் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்று புகாத டப்பாவில் வையுங்கள்.

அடுத்த நல்ல சந்திர கிரகணம் எப்போது? எப்படி எடுப்பது?
- வாசகர், கானாடுகாத்தான்

2028 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தின இரவு. முழுக் கிரகணம், நம்மூரில் தொடக்கம் முதல் முடிவு வரை தெரியும், இரவு பத்து மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறத்தில் இருக்கும். நிழல் ஏறும் வரைக்கும் சாதாரண நிலா அளவுகளே போதும், முழுக்க மறைந்ததும் வெளிச்சம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடும் என்பதால் ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6, ஒரு விநாடி என்று ஒரேயடியாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தை இப்போதே கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகி வையுங்கள், பேட்டரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.