பயந்த நாயை மோப்பப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

"என் நாய்க்கு நான்கு வயது. புது ஆட்களையும் மற்ற நாய்களையும் கண்டால் ஒடுங்கிவிடும். இதை மோப்பப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா? அங்கே என்ன சொல்லித் தருவார்கள்? வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். பயந்த நாய் என்பதாலேயே சேர்க்கலாம் என்பேன். ஐந்து வருடமாக என் நாயோடு இதைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மின்னி எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஏறக்குறைய மூன்று வயது. காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டாள். வெளியே போனால் வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுவரை ஒட்டியே நடப்பாள். முதலில் வழக்கமான கீழ்ப்படிதல் வகுப்பில்தான் சேர்த்தேன். ஒரே கூடத்தில் எட்டு நாய்கள். மின்னி வாசலிலேயே படுத்தாள், வகுப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. "இழுத்துக்கொண்டு வாருங்கள், பழகிவிடும்" என்றார் அங்கிருந்த பயிற்சியாளர். நானும் இழுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டோம்.

மோப்பப் பயிற்சி வகுப்பு அப்படி இல்லை. அறைக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய்தான். மற்றவை வண்டியிலோ கூண்டிலோ, ஒன்றையொன்று பார்க்காத தூரத்தில் காத்திருக்கும். முதல் நாள் தரையில் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் திறந்து கிடந்தன. அதில் ஒன்றில் மட்டும் மின்னிக்குப் பிடித்த இறைச்சித் துண்டுகள். ஆசிரியை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "லீஷைத் தளர்த்திப் பிடியுங்கள். பேசாதீர்கள். கை காட்டாதீர்கள்."

மின்னி வாசலில் நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம் போல இருந்தது. கூப்பிட வாய் திறந்தேன். ஆசிரியை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்புறம் மின்னியின் மூக்கு மட்டும் மெல்ல உயர்ந்தது. ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. வளைந்து வளைந்து போய் நான்காவது பெட்டிக்குள் தலையை விட்டாள். அவள் தின்றுகொண்டிருக்கும்போதே ஆசிரியை அதே பெட்டிக்குள் இன்னும் இரண்டு துண்டு போட்டார். மறுபடி வெளியே கூட்டிவந்து, பெட்டிகளை இடம் மாற்றி, மறுபடி உள்ளே. இரண்டாம் முறை என்னை அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் வாரம் பெட்டிக்குள் கசக்கிய காகிதத்தை நிரப்பி வைத்திருந்தார்கள். சரசரப்பைக் கேட்டால் ஓடி ஒளிகிறவள் அந்தக் காகிதத்தை முகத்தால் கிளறித் தள்ளிவிட்டுத் தீனியை எடுத்தாள். நான் அன்று அழுதுவிட்டேன்.

ஏன் இது பயந்த நாய்க்கு ஒத்துவருகிறது என்றால், இங்கே எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாயே முடிவு செய்கிறது. தப்பு என்று யாரும் சொல்வதில்லை. தேடினால் கிடைக்கும் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதற்கு ஒரு நல்ல ஆய்வும் இருக்கிறது. 2019-இல் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 20 வீட்டு நாய்களை வைத்துச் செய்தது. கிண்ணம் ஒரு பக்கம் இருந்தால் தீனி உண்டு, மறுபக்கம் இருந்தால் காலி என்று முதலில் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். தீனி இருக்கும் என்று நம்புகிற நாய் சீக்கிரம் போகும், நம்பாத நாய் தயங்கும். இரண்டு வாரம் தினமும் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்பைவிட வேகமாக அந்தக் கிண்ணத்துக்குப் போயின. அதே இரண்டு வாரம் காலருகே ஒட்டி நடக்கும் பயிற்சி செய்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் மின்னியிடம் நான் கண்ணால் பார்த்தது அதுதான்.

சரி, என்ன சொல்லித் தருவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். மோப்பம் பிடிக்க நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடமெல்லாம் பெரும்பாலும் நமக்குத்தான். இது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது.

சில வாரம் தீனியைத் தேடிய பிறகு, குறிப்பிட்ட ஒரு மணத்தைத் தேட வைப்பார்கள். போதைப்பொருள், வெடிபொருள் தேடும் நாய்களின் பயிற்சி முறையிலிருந்து வீட்டு நாய்களுக்காக 2000-களில் அமெரிக்காவில் உருவான விளையாட்டு இது. அங்கே பிர்ச் மரம், சோம்பு மணமுள்ள அனிஸ், கிராம்பு ஆகிய மூன்றின் எண்ணெய்களைப் பயன்படுத்தினார்கள். 2017-இல் போட்டிகளைத் தொடங்கிய அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற நாய்கள் அமைப்பு சைப்ரஸ் மர எண்ணெயையும் சேர்த்துக்கொண்டது. காது குடையும் பட்ஸைப் பாதியாக வெட்டி, எண்ணெய் மணம் ஏற்றி, துளையிட்ட சின்ன டப்பாவுக்குள் போட்டு ஒளித்து வைப்பார்கள். தொடக்கத்தில் டப்பாவுக்குப் பக்கத்திலேயே தீனியும் இருக்கும். இந்த மணம் வந்தால் தீனியும் வரும் என்று நாய் சீக்கிரமே கணக்குப் போட்டுவிடும். பிறகு தீனி டப்பாவோடு இருக்காது, கண்டுபிடித்ததும் நம் கையிலிருந்து வரும்.

உண்மையான படிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒரு நாள் மேசை, நாற்காலிகள் போட்ட அறையில் தேடல். மின்னி நேராக இடது மூலைக்குப் போனாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். சுவரை மேலும் கீழுமாக முகர்ந்தாள், நகர்ந்தாள், திரும்பி வந்தாள். கவனம் சிதறிவிட்டது என்று நினைத்து லீஷை லேசாக இழுத்து நாற்காலிகள் பக்கம் திருப்பினேன். "விடுங்கள், அவள் வேலை செய்கிறாள்" என்றார் ஆசிரியை. விட்டேன். மூலையிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அந்த வீச்சு ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே வந்து, எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் இருந்த நாற்காலியின் அடியில் போய் முடிந்தது. ஜன்னலுக்கு மேலிருந்த ஏசி காற்று மணத்தை அறை முழுக்கத் தள்ளி அந்த மூலையில் தேக்கி வைத்திருக்கிறது. அவள் தேக்கத்தில் தொடங்கி, காற்றுக்கு எதிராக நடந்து, மூலத்தைப் பிடித்திருக்கிறாள்.

அன்றிலிருந்து ஒரு அறைக்குள் நுழைந்தால் முதலில் காற்றைத்தான் பார்க்கிறேன். மணம் புகை மாதிரி. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கியும் தள்ளிப் போகப் போக விரிந்தும் இருக்கும். வெயில் பட்ட சுவரில் மேலே ஏறும், குளிர்ந்த இடத்தில் தரையோடு படியும். உயரத்தில் வைத்தால் நேர் கீழே தெரியாமல் சற்றுத் தள்ளி விழலாம். இப்போதுதான் வைத்த டப்பாவும் ஒரு மணி நேரமாக இருக்கும் டப்பாவும் நாய்க்கு ஒன்றல்ல. மின்னி "சும்மா சுற்றுகிறாள்" என்று நான் நினைத்த நேரங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாயின் மூக்கும் அதற்கென்றே அமைந்தது. தேடும்போது நொடிக்கு ஐந்து முறை அளவில் மூச்சை இழுக்கும். வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால் முன்னாலிருக்கும் மணம் கலைவதில்லை. ஆனால் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. அதனால்தான் வகுப்பில் ஒரு தேடல் இரண்டு மூன்று நிமிடம்தான் நடக்கும், நடுவில் நீண்ட ஓய்வும் தண்ணீரும் உண்டு. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நான்கு தேடல் முடித்துவிட்டு வந்தால் மின்னி சாயங்காலம் முழுக்கத் தூங்குவாள்.

நமக்கு அடுத்த பாடம், நாயின் உடம்பைப் படிப்பது. மணம் கிடைத்த நொடியில் மின்னியின் வாய் மூடிக்கொள்ளும், ஆடிக்கொண்டிருந்த வால் விறைக்கும், தாண்டிப் போன தலை வெடுக்கென்று திரும்பும். இதை நேரில் கவனிப்பது கஷ்டம். ஒவ்வொரு தேடலையும் போனில் பிடித்து, சத்தத்தை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் அப்படிப் பார்த்த பிறகுதான் கண் பழகியது. உங்கள் நாயின் அடையாளங்கள் வேறாக இருக்கும். வகுப்புக்குப் போவதன் பெரிய பலன், அவற்றைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள இன்னொரு ஜோடிக் கண் கிடைப்பது.

நான் செய்த மிகப் பெரிய தவறையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் வரிசையாகப் பத்துப் பெட்டிகள். ஏழாவதன் மூடி சற்றுக் கோணலாக இருந்தது. இதில்தான் இருக்கும் என்று என் மனதில் பட்டது. அதன் பக்கத்தில் வந்ததும் என் நடை தானாக மெதுவாகியிருக்கிறது. மின்னி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். "அலர்ட்", அதாவது கண்டுபிடித்துவிட்டாள், என்று கையைத் தூக்கினேன். அன்று எந்தப் பெட்டியிலும் எதுவும் வைக்கப்படவில்லை. மின்னி மணத்தைக் கண்டுபிடிக்கவில்லை, நான் விரும்பியதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

தொழில்முறை நாய்களுக்கும் இது நடக்கிறது. 2011-இல் லிசா லிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 18 நாய்களும் அவற்றை நடத்துபவர்களும் கலந்துகொண்டார்கள். எங்குமே மணம் ஒளித்து வைக்கப்படவில்லை, ஆனால் இருப்பதாகவும் சிவப்புக் காகிதம் அந்த இடத்தைக் காட்டுவதாகவும் நடத்துபவர்களிடம் சொல்லப்பட்டது. ஒன்றும் இல்லாத இடத்தில் "நாய் கண்டுபிடித்துவிட்டது" என்ற அறிவிப்புகள் ஏராளமாக வந்தன. காகிதம் இருந்த இடங்களில் இன்னும் அதிகம். ஒரு பயந்த நாய் நம் முகத்தைக் கூர்ந்து பார்க்கக்கூடும், எனவே உங்களுக்கும் இது பொருந்தும். நிற்காமல், ஒரே சீராக, நாய்க்குப் பின்னால் நடக்கப் பழகுங்கள். டப்பா எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத தேடல்களை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். நாய்கள் ஒவ்வொன்றாக வேலை செய்கின்றனவா, காத்திருக்கும் இடம் தனியாக இருக்கிறதா, நாய் தவறிய நேரத்தில் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நான் பார்க்கப் போன ஒரு இடத்தில் தவறான பெட்டியில் நின்ற நாயின் லீஷை வெடுக்கென்று சுண்டினார்கள். அந்த நாய் அடுத்த பெட்டியை முகரவே தயங்கியது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். மணம் ஏற்றிய பொருட்களையும் சுத்தமான பொருட்களையும் தனித்தனியாக வைக்கிறார்களா என்றும் பாருங்கள். எண்ணெய் தொட்ட கையோடு பத்துப் பெட்டியையும் தொட்டால் நாய்க்குப் பத்துமே சரியான விடைதான்.

வீட்டில் செய்யலாமா? தீனியைத் தேடும் கட்டம்வரை தாராளமாகச் செய்யலாம், வகுப்பு தொடங்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லதும்கூட. நான்கைந்து அட்டைப்பெட்டிகள் போதும். பெட்டி பழகிய பிறகு கதவிடுக்கு, நாற்காலிக் கால், தாழ்ந்த அலமாரி என்று நகர்த்துங்கள். கிடைக்கவில்லை என்றால் கை காட்டாதீர்கள், அடுத்த முறை எளிதான இடத்தில் வையுங்கள். எண்ணெய்க் கட்டத்தை மட்டும் தெரிந்தவரோடு தொடங்குங்கள். மணம் ஏற்றும் முறையில் தவறு செய்தால் பிறகு திருத்துவது சிரமம். அதோடு பிர்ச் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் உள்ளே போனால் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. துளிக் கணக்கில்தான் பயன்படுத்த வேண்டும், நாய் டப்பாவைக் கவ்வாதபடி வைக்க வேண்டும், குப்பியைப் பூட்டி வைக்க வேண்டும்.

வயதும் இனமும் தடையில்லை. மூக்குச் சப்பையான நாய்களும் செய்கின்றன, அவற்றுக்கு ஓய்வு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். மூன்று காலுள்ள நாயும் பார்வை மங்கிய நாயும் எங்கள் வகுப்பில் இருந்தன. மின்னிக்கும் இப்போது எட்டு வயதுக்கு மேல் ஆகிறது, பின்னங்கால் மூட்டு வலி உண்டு. டப்பாவை அவள் மூக்கு உயரத்துக்கு மேல் வைப்பதில்லை.

முதல் வகுப்புக்குப் போகும்போது நாய்க்கு ஒரு ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போட்டுக்கொண்டு போங்கள், அதை மோப்ப வேலைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் அதைக் கையில் எடுத்தாலே விஷயம் புரிந்துவிடும். மின்னி இப்போது ஹார்னஸைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்தும் வெளியே வந்து கழுத்தை நீட்டுகிறாள்.