அருவியும் உறைபனியும்: இந்த முறை வந்த கேள்விகள்

குற்றாலத்தில் வெயில் அடிக்கும்போதே குளிக்கத் தடை போடுகிறார்கள். காசு செலவழித்து வந்தவர்களை எதற்கு விரட்ட வேண்டும்? (விருதுநகர் வாசகர்)

நீங்கள் நிற்கிற இடத்தில் மழை இல்லை, சரி. தண்ணீர் புறப்படுகிற மலை மேலே? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அப்போது சீசனே தொடங்கவில்லை. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேறுங்கள். துணி, செருப்பு, செல்போன் எல்லாம் கிடக்கட்டும். ஓடும்போது தண்ணீர் போகிற போக்கிலேயே கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏற வேண்டும்.

நாங்கள் எட்டுப் பேர் அடுத்த வாரம் ஒரு அருவிக்குப் போகிறோம். ஆபத்து உண்டா?

எந்த அருவி, எந்த மலை என்று எழுத எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? உண்டு என்றே வைத்துக்கொண்டு போங்கள்.

டிசம்பர் கடைசியில் ஊட்டிப் பக்கம் காட்டேஜ் எடுத்திருக்கிறோம். ஹீட்டர் இல்லையாம், கரி அடுப்பு தருவார்களாம். ராத்திரி கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டால் குளிர் தெரியாதுதானே? (கரூர் வாசகி)

குளிர் தெரியாது. அப்புறம் எதுவுமே தெரியாது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். பனிக்காலம் வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை, மூடிய அறையில் கணப்பு வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியும் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. கனன்று கொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்கு பிடிப்போடு. புகை வந்தாலாவது கண் எரிந்து வெளியே ஓடுவோம். நன்றாகப் பிடித்த கங்கில் புகையே இருக்காது, அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். ‘மலை ஏறி வந்த களைப்பு’ என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவீர்கள்.

நான் ஒருமுறை தங்கிய மலை விடுதியில் ஒரு பையன் இரும்புச் சட்டி நிறையக் கங்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, “கதவை நல்லா சாத்திக்கங்க சார், சூடு வெளிய போயிரும்” என்றான். அவனைச் சொல்லிப் பயனில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலாளியிடம் கேட்டால் “இத்தனை வருஷமா வைக்கிறோம், ஒண்ணும் ஆகலை” என்கிறார்! சட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு ஸ்வெட்டரோடு படுத்தேன். கூடாரத்துக்குள் வைப்பது இன்னும் மோசம், இடமே கொஞ்சம்தான். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதையும் நம்பாதீர்கள். வெளியே குளிர் காய்ந்துவிட்டு, கங்கை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். குல்லா, சாக்ஸ், இரண்டு கம்பளி, காலடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் போதும். யாராவது மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள், கரி எரிந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு பெக் போட்டால் குளிர் தாங்குமா?

தாங்குவது போலத் தோன்றும். ரத்தம் தோலுக்கு ஏறி உடம்புச் சூடு வெளியே போய்விடும். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வேண்டாம்.

நான் நன்றாக நீந்துவேன். ஜனவரியில் நீலகிரி ஓடைகளில் இறங்கினால் என்ன?

நீங்கள் நீந்திப் பழகியது ஊர்க் கிணற்றில். உறைபனிக் காலத்து ஓடையில் குதித்தால் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடில்லாமல் வாங்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். பத்து நிமிடம் போல ஆனால் கையும் காலும் சொன்னபடி கேட்காது. காட்டு ஓடையில் பாறையும் வழுக்கலும் வேறு. குதிக்காதீர்கள், எந்த மாதமானாலும்.

ஆற்றில் மூழ்கியவரைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டுமா? (திருப்பூர் வாசகர்)

கூடாது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அப்புறம் நடு நெஞ்சில் 30 அழுத்து, 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் வேண்டும். இன்னொன்று, அவரைக் கரையேற்ற எத்தனை பேர் குதித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே இரண்டு பேர் போவது நம் ஆறுகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வேட்டி, சேலை, கயிறு, மூடி இறுக்கிய காலி கேன் எதையாவது கரையில் இருந்தபடியே எறியுங்கள். குதிக்காதீர்கள்.

ஒகேனக்கல் பரிசலில் லைஃப் ஜாக்கெட் வியர்க்கிறது, மடியில் வைத்துக்கொள்ளலாமா?

மடிக்கு எதற்கு ஜாக்கெட்? பக்கிளை மாட்டுங்கள்.