வரி நோட்டில் இல்லாத தெரு

ஊர்க் கமிட்டி, இளைஞர் நற்பணி மன்றம், விளையாட்டுக் குழு ஆகியவற்றில் நடக்கும் ஒதுக்கல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில். ஊர், பெயர் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். எங்கள் காலனிக்கு மட்டும் நோட்டு வருவதே இல்லை. கேட்டால், "உங்ககிட்ட காசு வாங்காம விடுறோமே, நல்லதுதானே" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

ஒதுக்கலின் அச்சாணியே அந்த நோட்டுதான். வரி கொடுத்தவர்தான் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு, கணக்குக் கேட்கும் உரிமை, முளைப்பாரி, மண்டகப்படி, சப்பரம் எந்தத் தெருவில் திரும்பும் என்று சொல்லும் வாய் எல்லாம். காசை வாங்கிவிட்டால் இத்தனையும் கொடுக்க வேண்டிவரும் என்பதால்தான் வாங்க மறுக்கிறார்கள். ஆகவே "சாமி கும்பிட விடுங்கள்" என்று கேட்பதைவிட "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்று கேட்பது கூர்மையான கோரிக்கை. மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடிய காரணம் ஒன்றுதான், அதை எழுத்தில் தர யாரும் முன்வர மாட்டார்கள்.

பொங்கல் சாட்டிய பிறகு தொடங்கினால் காலம் போதாது. குறைந்தது 2 மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதலில் கோயில் யாருடையது என்று உறுதி செய்யுங்கள். இந்து சமய அறநிலையத் துறையின் பட்டியலில் இருக்கிறதா, ஊர்ப் பொதுக் கோயிலா என்பதைத் துறையின் ஆய்வாளரிடம் கேட்கலாம். வாய்வழியாகப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற முத்திரைவில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். துறைக் கோயில் என்றால் 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, பிரசாதம், தீர்த்தம் வழங்குவதில் சாதி பார்க்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. துறைக்கு வெளியே இருந்தாலும் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு எல்லோருக்கும் பொது.

அடுத்து, கமிட்டிக்கு ஒரு கடிதம். "மற்றத் தலைக்கட்டுகளிடம் வாங்கும் அதே தொகையைத் தர எங்கள் தெருவின் இத்தனை குடும்பங்களும் தயார், ரசீது வேண்டும்" என்பது போதும். பழைய வருத்தங்களை அதில் கொட்டாதீர்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கும்போது பெண்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். ஆண்கள் மட்டும் போட்டிருந்தால் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டிக் கலைப்பது சுலபம். ஒப்புகை கேட்டுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வேறு தெருக்காரர் ஒருவருடைய வரி ரசீதின் படம் கிடைத்தால் அதையும் சேருங்கள். வசூல் நடந்தது, உங்களை விட்டுவிட்டு நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பெரும்பாலும் விஷயம் வட்டாட்சியர் அலுவலக அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போகும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "விழா வழக்கம்போல் நடக்கும், இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்று ஒரு தாள் நீட்டப்படும். "வழக்கம்போல்" என்ற அந்த ஒரு சொல்லில் உங்கள் கோரிக்கை அடங்கிப் போகும். அதை அடித்துவிட்டு, வரி வாங்கப்படும், சப்பரம் இன்ன தெருவழியே வரும் என்று எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு ஆபத்து, சட்டம் ஒழுங்கைக் காட்டி விழாவையே நிறுத்திவிட்டுப் பழியை உங்கள் தெருவின் தலையில் போடுவது. அதற்கு முன்யோசனையாக மனுவிலேயே எழுதுங்கள்: "விழா நடக்க வேண்டும், அதில் எங்களுக்கும் பங்கு வேண்டும், அதற்குப் பாதுகாப்பு வேண்டும்."

பிறகு கடையில் சாமான் தர மறுப்பது, பால் வாங்காமல் திருப்பி அனுப்புவது, கூலி வேலைக்குக் கூப்பிடாமல் விடுவது என்று பதிலடி வரலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015 திருத்தத்துக்குப் பிறகு சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும், அப்படிச் செய்வோம் என்று மிரட்டுவதையும்கூடத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. கோயில் ஊர்வலத்தில் கலந்துகொள்ளத் தடுப்பதும் அதே 3(1) பிரிவில் வருகிறது. தேதி, நேரம், கடை, சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வது நீதிமன்றத்தில் நிற்காது.

எங்கள் மன்றத்துக் கபடி அணியில் எல்லாத் தெருப் பையன்களும் பயிற்சிக்கு வருகிறார்கள். போட்டி அணி அறிவிக்கும்போது ஒரே தெரு ஆட்கள்தான். "திறமை பார்த்துத்தான் எடுத்தோம்" என்கிறார் கேப்டன். செயலாளரான நான் எப்படித் தலையிடுவது?
— வாசகர், தேனி மாவட்டம்

திறமை பார்த்தோம் என்பவரிடம் திறமையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சண்டை போடத் தேவையே இருக்காது. 10 நாள் பயிற்சிக்கு ஒரு தாள் போதும். பெயர், எடை, எத்தனை முறை பாடிப் போனார், எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பிடி முயன்றார், எத்தனை நின்றது என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தாளை நிரப்புவது ஆட்டக்காரர் அல்லாத ஒருவராக இருக்கட்டும். தேர்வுக் குழு மூவர், அதில் ஒருவர் வெளியூர் உடற்கல்வி ஆசிரியர். களத்தில் 7 பேர், மாற்று ஆட்கள் 5 பேர் என 12 பெயரும் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஏமாற வழி உண்டு. காலனிப் பையன்களை அணியில் எழுதிவிட்டு ஆட்டம் முழுக்க வெளியே உட்கார வைப்பது பழைய தந்திரம். ஆகவே களமிறங்கிய நிமிடங்களையும் குறித்து வையுங்கள். பயிற்சி நேரம் மாறிய செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவில் போகிறது, அதில் யார் யார் இல்லை என்று பாருங்கள். "பயிற்சிக்கு ஒழுங்கா வரல" என்ற குற்றச்சாட்டு பல இடங்களில் அந்தக் குழுவில்தான் உற்பத்தியாகிறது. போட்டி முடிந்து சாப்பாடு கேப்டன் வீட்டில் என்றால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். சாப்பாட்டை மைதானத்திலேயே வையுங்கள்.

ஜெர்சியையும் கவனியுங்கள். பெயர் இல்லாமல் நிறத்தாலேயே சாதி சொல்லும் ஊர்கள் நம்முடையவை. பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய 2023 நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுக்கச் சொன்னதும் அதனால்தான். எந்த அமைப்பின் கொடியிலும் இல்லாத நிறமாகப் பார்த்துப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுங்கள். முதுகில் எண்ணும் ஊர்ப் பெயரும் போதும்.

மன்றம் பதிவு பெற்றதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி 7 பேர் சேர்ந்து பதிவு செய்ததாக இருந்தால் துணைவிதியை எடுத்துப் படியுங்கள். "இரண்டு உறுப்பினர் பரிந்துரை வேண்டும்" என்ற வரி பல மன்றங்களில் இருக்கும். பார்க்கச் சாதுவான வரிதான், ஆனால் ஒரு தெருவையே வெளியே நிறுத்த அது ஒன்று போதும். அந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "இந்த வருவாய்க் கிராமத்தில் வசிக்கும் 18 வயது நிறைந்த எவரும் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்." திருத்தத்தைச் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நிர்வாகம் அசையாவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு 36-ஆவது பிரிவின்படி பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம்.

இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப்தானே? இரட்டைக் குவளையெல்லாம் போய்விட்டதாகச் சொல்லலாமா?
— வாசகர், மதுரை

குவளை போயிருக்கலாம். யார் ஊற்றுகிறார், யார் எடுத்துக்கொள்கிறார், யார் நாற்காலியில், யார் திண்ணைக்குக் கீழே என்பதைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் டீ ஊற்றும் முறையைத் தெருவாரியாகச் சுற்றில் விடுங்கள். ஒரே மாதத்தில் உங்கள் கேள்விக்கு விடை தெரியும். காலனித் தெருவின் முறை வரும் நாளில் மட்டும் யார் யாருக்கு "வயிறு சரியில்லை" என்று கவனித்தால் போதும்.

மன்றக் கூட்டத்தில் ஒருவர் சாதியைச் சுட்டி "ஜோக்" அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தப்பட்ட தம்பி எழுந்து போய்விட்டார். தலைவர் அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, திருநெல்வேலி

உடனே, சுருக்கமாக, குரல் ஏற்றாமல் பேசியிருக்க வேண்டும். "இந்தப் பேச்சு இங்கே வேண்டாம். இது பதிவேட்டில் ஏறும்." இவ்வளவே. நீண்ட உபதேசம் செய்தால் பேச்சு சொன்னவரைச் சுற்றியே ஓடும், அவர் தியாகி வேடம் கட்டுவார். புண்பட்டவரை எழுப்பி "உனக்கு வருத்தமா தம்பி?" என்று கேட்பது அதைவிட மோசம். அத்தனை பேர் முன்னால் "இல்லண்ணே" என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது. அன்றிரவே இருவர் அவர் வீட்டுக்குப் போய், மன்றம் என்ன செய்யப்போகிறது என்று சொல்ல வேண்டும். அவர் என்ன விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். சமாதானம் பேசுவதற்காகப் போகக் கூடாது.

சொன்னவருக்குத் தண்டனை முன்கூட்டியே விதியில் இருந்தால் நல்லது. முதல் முறை எழுத்தில் மன்னிப்பு, இரண்டாம் முறை 3 மாத நீக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பவம் நடந்த பிறகு தண்டனையை யோசித்தால் சொந்தபந்தம் உள்ளே வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் நடந்தால் எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வைத்த பிறகுதான் நிர்வாகி அதை அழிக்க வேண்டும். "பாருங்க இவன் பேசினதை" என்று பத்துக் குழுவுக்கு அனுப்பாதீர்கள். அவமானம்தான் பத்து மடங்காகும்.

எங்கள் படிப்பகத்துக்குப் பெண்கள் வருவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு தம்பியும் வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே?
— வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

படிக்கட்டு தடுக்கிறது, கடிகாரமும் தடுக்கிறது. இரவு 8 மணிக்குக் கூட்டம் வைத்தால் எந்தப் பெண் வருவார்? ஞாயிறு மாலை 4 மணிக்கு வையுங்கள். உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்கட்டும். ஒரே ஒரு பெண்ணை நிர்வாகத்தில் போட்டுக் கோலப் போட்டிப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். குறைந்தது மூவர் வேண்டும், அதில் ஒருவரிடம் பொருளாளர் பொறுப்பு.

சாய்தளத்துக்குக் கணக்கு 1-க்கு 12. ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படி என்றால் மொத்தம் 45 செ.மீ.; அதற்கு 540 செ.மீ. நீளம் வேண்டும். அகலம் 120 செ.மீ., வாசல் 90 செ.மீ. இடம் போதவில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் நாற்காலி பின்னோக்கிச் சரியும், அவரை நாலு பேர் தூக்க வேண்டிவரும். தூக்கிவிடப்படுவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். பணமில்லாவிட்டால் சமதரையில் இருக்கும் பள்ளித் தாழ்வாரத்துக்குக் கூட்டத்தை மாற்றுங்கள். அவரிடமே கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

"பிசிஆர் கேஸ் கொடுத்துடுவேன்னு மிரட்டுறாங்க" என்று ஒரு தரப்பும், "ஸ்டேஷனில் வாங்கவே மாட்டேங்கிறாங்க" என்று இன்னொரு தரப்பும் சொல்கிறது. எப்போது காவல் நிலையம் போக வேண்டும்?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

ஊரில் எல்லாவற்றையும் பிசிஆர் என்கிறார்கள். அது தீண்டாமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இன்று பெரும்பாலும் பதிவாவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். அணித் தேர்வு, துணைவிதி, கூட்ட நேரம் போன்றவற்றை உள்ளேயே தீர்க்கலாம். அடி, மிரட்டல், பொதுவெளியில் சாதி சொல்லி இழிவு செய்தல், புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு உள்ளே பஞ்சாயத்து வைக்கக் கூடாது. "பொதுவெளி" என்ற சொல் முக்கியம். நாலு சுவருக்குள், வேறு யாரும் பார்க்காத இடத்தில் சொன்னது இந்த இழிவுப் பிரிவில் வராது என்று உச்சநீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே யார் யார் கேட்டார்கள் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

முதல் தகவல் அறிக்கை பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 1989 சட்டத்தின் 2018 திருத்தமான 18-ஏ பிரிவு சொல்கிறது. புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் திருப்தியடையாதீர்கள். அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். நிலையத்தில் மறுத்தால் அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், 60 நாளில் விசாரணை முடிய வேண்டும். தேசிய உதவி எண் 14566.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, எதிர்ப் புகார். உங்கள் புகார் பதிவான அன்றே உங்கள் பையன்கள் மேலும் ஒன்று பதிவாகி, "இரண்டையும் வாபஸ் வாங்கிடுங்க" என்று பேரம் வரும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உடனே காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் அந்தப் பேரம் பலிக்காது. இரண்டு, சாதிச் சான்றிதழ். கிறித்தவராகச் சான்று பெற்றவர்கள் சட்டப்படி பட்டியல் சாதியில் வருவதில்லை என்பதால் 1989 சட்டம் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. ஒரே தெருவில் ஒரே அடி வாங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடைப்பது இதனால்தான். புகார் எழுதும் முன் யார் யாரிடம் எந்தச் சான்று இருக்கிறது என்று பார்த்து, வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.