தக்காளிக்கு அடி ஏன் கறுக்கிறது? வீட்டுத் தோட்டக் கேள்விகளும் பதில்களும்

பத்து நாளாகச் சேர்ந்த கேள்விகளுக்கு இன்று உட்கார்ந்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். என் தோட்டம் காரிமங்கலம் பக்கம், வீட்டைச் சுற்றி 11 சென்ட். மேலே செம்மண், இரண்டடி தோண்டினால் சரளை, போர் தண்ணீர் உப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பலருக்கு நிலைமை இதுதான். அதனால் என் தோட்டத்தில் பலித்ததை வைத்தே சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: அக்கா, தக்காளி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்து, தோல் மாதிரி உள்ளே அமுங்கிவிடுகிறது. கடையில் பூஞ்சைக்கு என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. முட்டை ஓடும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மருந்தை நிறுத்திவிடு கண்ணு. இது பூஞ்சையே இல்லை. கறுத்த காய் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார். காம்புப் பக்கம் சதை பச்சையாக, கெட்டியாக இருக்கும். பூ உதிர்ந்த முனையில் மட்டும் பழுப்பாக, காய்ந்த தோல் போல இருக்கும். பிசுபிசுப்போ நாற்றமோ இருக்காது. காய் வேகமாகப் பருக்கிற நேரத்தில் அதன் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருகிற அழுகல் இது.

"அப்படியானால் சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பாய். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்புக்குக் குறைவே இல்லை. வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதானே. சத்து மண்ணில் இருக்கிறது, செடிக்குள் ஏறவில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும். மூன்று நாள் காயப்போட்டு நான்காம் நாள் ரொம்ப ஊற்றினால், காய்கிற நாட்களில் ஏற்றம் நின்றுபோகும். அந்த நாட்களில் பருத்த காய்க்குத்தான் அடி கறுக்கும். முட்டை ஓடு மட்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு அது உதவாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கறுத்த காய்களைப் பறித்துப் போட்டுவிடு, செடி வீணாக அதற்குச் சத்து கொடுக்க வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார். விரல் நுனியில் ஈர மண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்று. காய்க்கிற செடிக்கு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர், வெயிலைப் பொறுத்து. வேரைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், கடலைக்கொடி என்று கிடைத்ததை மூடாக்காகப் போடு. யூரியா போட்டிருந்தால் நிறுத்திவிடு. பத்துப் பதினைந்து நாளில் அடுத்து வருகிற காய்கள் சுத்தமாக இருக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் நோய், பூச்சி என்று என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி, கடைசியில் தண்ணீரில்தான் போய் முடிகிறது. எப்போது ஊற்றினோம், எவ்வளவு, என்ன தண்ணீர் என்று முதலில் யோசியுங்கள். அதைப் பார்த்த பிறகும் புரியாவிட்டால் மருந்துக் கடைக்குப் போகலாம்.

பென்னாகரத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் கீரைக்கு விடுகிறேன். சரிதானா?

வீணாக்க மனசு வராது, எனக்கும் அப்படித்தான். ஆனாலும் கீரைக்கு விடாதீர்கள் அம்மா. மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்துக்கொண்டு உப்பையும் ஃப்ளோரைடையும் மீதித் தண்ணீரில் தள்ளுகிறது. அதனால் கழிவு நீர் உங்கள் போர் தண்ணீரை விடக் கெட்டியானது. செடிக்குள் போகும் ஃப்ளோரைடும் காயை விட இலையில்தான் அதிகம் சேரும். தொட்டிச் செடிக்கும் வேண்டாம், உப்பு வெளியேற வழியில்லாமல் மேல் மண்ணில் பூத்துவிடும். வாசல் கழுவ, கழிவறைக்கு, சாக்கு துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உடம்புக்கு ஃப்ளோரைடு பெரும்பாலும் போவது குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் வழியாகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் அதைக் குடிக்கவும் உலை வைக்கவும் எடுத்துக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரைக் கீரைக்கு விடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. சாணம் போட்டும் மாறவில்லை.

இரும்புச் சத்துக் குறைபாடு. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் சுண்ணாம்பேறிவிட்டால், இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு. சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வேருக்குப் புளித்த மோரை ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். பாட்டிமார்கள் மோர் ஊற்றியதில் அர்த்தம் இருந்தது, புளிப்பு மண்ணை இளக்கிக் கொடுக்கும். மழைத் தண்ணீர் ஒரு பேரல் பிடித்து வைக்க முடிந்தால் முதல் உரிமை கறிவேப்பிலைக்குக் கொடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாமரம், ஒரு பெங்களூரா, ஒரு செந்தூரா. எட்டு வருஷ மரங்கள். ட்ரிப் போட்டு வாரம் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், மரம் கருகருவென்று நிற்கிறது. ஆனால் பூ மட்டும் இல்லை. பக்கத்துக் கொல்லையில் தண்ணீரே காணாத மரம் காய்த்துக் கொட்டுகிறது!

பதிலைக் கேள்வியிலேயே எழுதிவிட்டாய் தம்பி. மாமரம் பூக்க ஓய்வு வேண்டும். மார்கழிக் குளிரும் வறண்ட மண்ணும் சேர்ந்தால்தான் மரம் தழைவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் திரும்பும். நீ வாரம் தவறாமல் தண்ணீர் கொடுத்தால், "இன்னும் வளர்கிற காலம்தான்" என்று அது இலை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ட்ரிப்பை அடைத்துவிடு. கார்த்திகை, மார்கழி முழுக்கத் திறக்காதே. மரம் கொஞ்சம் வாடிய மாதிரி தெரியும், மனசு கேட்காது, இருந்தாலும் பொறுத்துக்கொள். பூ வந்து, பிஞ்சு பிடித்து, பட்டாணி அளவு ஆன பிறகு திற. அதிலிருந்து காய் முற்றும் வரை தண்ணீர் சீராகப் போக வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு கொட்டும். அறுவடை முடிந்து ஆடியில் மழை விழுந்ததும் தொழு உரம். உள்பக்கம் நிழலில் சிக்கிய குச்சிகள், காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று உரசுகிறவை எல்லாவற்றையும் அப்போதே கவாத்து செய். மரத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும்.

பெங்களூரா பெரும்பாலும் வருஷம் தவறாமல் காய்க்கிற ரகம், நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் நம்பியிருப்பதும் அதைத்தான். அதுவே பூக்கவில்லை என்றால் தண்ணீரைத் தவிர வேறு சந்தேகம் எனக்கு வரவில்லை.

அதே தம்பி: மல்கோவா கொட்டை முளைத்து நிற்கிறது. வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் அது மல்கோவாவாகக் காய்க்கும் என்று எதிர்பார்க்காதே. நம் ஊர் ரகங்களில் பெரும்பாலும் கொட்டைக்கன்று தாய் போல வராது. ஒட்டுக்கன்று வாங்கு. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் இருக்கட்டும், அதற்குக் கீழே வருகிற துளிரை உடனே கிள்ளிவிடு. எனக்கு இதில் பட்ட வலி உண்டு. ஒரு நர்சரியில் மல்கோவா என்று வாங்கிய கன்று ஆறாம் வருஷம் காய்த்தபோது, நாரும் புளிப்புமாக ஏதோ ஒரு காய். ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்தான் மரமாகிவிட்டதோ, கொடுத்ததே தப்போ, அன்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஆறு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வாங்கும்போதே ஒட்டுத் தழும்பைத் தடவிப் பாருங்கள்.

பர்கூரிலிருந்து: பீர்க்கன் பிஞ்சு விரல் நீளத்தில் மஞ்சளாகி வெம்பி விழுகிறது. பழ ஈ என்று சொன்னார்கள். மாமரத்தில் தொங்கவிட்ட பொறியையே பந்தலிலும் கட்டினேன், ஒரு ஈ கூட விழவில்லை.

மாவுக்கு வருகிற ஈ வேறு, கொடிக்காய்க்கு வருகிற ஈ வேறு. மாம்பொறியில் ஈயை இழுக்க வைக்கும் மருந்து மீத்தைல் யூஜினால். பீர்க்கன், பாகல், புடலைக்கு க்யூலூர் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டுமே ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், அதனால் பொறி ஒன்றையே நம்பி உட்காராதீர்கள். விழுந்த காய்க்குள் இருக்கும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும். தினமும் பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போட்டால் நீங்களே ஈ வளர்த்த மாதிரி.

ஆனால் முதலில் ஒரு பிஞ்சைப் பிளந்து பாருங்கள். தோலில் ஊசி குத்தின புள்ளியும் உள்ளே புழுவும் இருந்தால் ஈ. ஒன்றும் இல்லாமல் சுருங்கியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும். ஐந்து, ஆறு மணிக்கு ஆண் பூவைப் பறித்து இதழை மடக்கி, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரையும் சாயங்காலம்தான். பூசணி விடிகாலையில் விரியும்.

அரூரிலிருந்து: பந்தல் அவரை தை மாதம் போட்டேன். பந்தல் நிறைந்துவிட்டது, நாலு மாதமாக ஒரு பூ இல்லை.

கொடியில் குறை இல்லை. நாட்டுப் பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். தையிலிருந்து பகல் நீண்டுகொண்டே போகிறது, அது காத்திருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, உரம் போடாமல், உயிரோடு மட்டும் வைத்திருங்கள். ஆடியில் நுனியை வெட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பந்தலே நீலமாகிவிடும். அடுத்த முறை ஆடியில் விதையுங்கள். எல்லாப் பருவத்திலும் வேண்டும் என்றால் செடி அவரை இருக்கிறது. மணத்துக்கு என்னவோ எனக்குப் பந்தல் அவரைதான்.

ஊத்தங்கரையிலிருந்து: பப்பாளி ஆளுயரம் வந்து, ஒரு மழைக்கு இலை தொங்கிச் செத்துவிட்டது.

வேரில் தண்ணீர் நின்றிருக்கும். பப்பாளி ஒரு நாள், இரண்டு நாள் தேக்கத்தைக் கூடத் தாங்காது. மண்ணை ஒன்றரை அடி மேடாகக் கூட்டி அதன்மேல் நடுங்கள், தண்ணீரை மேட்டைச் சுற்றி விடுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: வீட்டு ஓரம் பலா வைக்க ஆசை. காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான்.

வைக்காதீர்கள். பலாப்பழ வாசனைக்கு யானை எவ்வளவு தூரமும் வரும். உங்கள் பக்கம் கேழ்வரகு முற்றுகிற காலத்தில் கூட்டமாக வருவது போதாதா? ஏற்கெனவே மரம் இருந்தால் காயாக இருக்கும்போதே இறக்கிப் பொரியல் செய்துவிடுங்கள், ஒன்றுகூட மரத்தில் பழுக்கக் கூடாது. உங்கள் குளிருக்கு வெண்ணெய்ப்பழம் வரும், எலுமிச்சை வரும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தர்மபுரியிலிருந்து: ஓசூரில் முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் பிரமாதமாக வருகின்றன. இங்கே மாடியில் முயன்றால் காலிஃப்ளவர் பூவே கட்டவில்லை.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதி. புரட்டாசியில் நாற்று விட்டால் மார்கழிக் குளிரில் பூ கட்டும், மற்ற மாதங்களில் முயல வேண்டாம். மாடியில் எடையையும் பாருங்கள். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ. பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு கலந்து, பைகளைச் சுவர் ஓரமாக, தூண் இருக்கும் பக்கம் வையுங்கள்.

மாரண்டஅள்ளியிலிருந்து: அம்மா, எங்களுக்குத் தோட்டத்துக்கு என்று நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர்தான் மிஞ்சும். இதில் என்ன வளரும்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய யோசித்தேன். இரண்டு குடம் என்றால் 30 லிட்டர். அது போதும் கண்ணு.

ஒரு முருங்கை வை. முதல் ஆறு மாதம் தண்ணீர் கொடுத்தால் அப்புறம் அது உன்னிடம் கேட்காது. மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, கை எட்டுகிற உயரத்தில் கீரையும் காயும் கிடைக்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி மொத்தமாக ஒட்டியிருந்தால் விடிகாலையில் தீப்பந்தம் காட்டலாம். வேலியோரம் சுண்டை, தூதுவளை. அதோடு கொத்தவரை, அதைப் போல வறட்சி தாங்குகிற காய்ச்செடி குறைவு.

தக்காளிக்கும் கத்தரிக்கும் பானை வை. சந்தையில் மெருகு போடாத மண்பானை, ஆறேழு லிட்டர் பிடிப்பது, வாங்கு. வாங்குமுன் தண்ணீர் ஊற்றிப் பார், அரை மணியில் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, ஒரு சாண் தள்ளி நாலு பக்கமும் நாலு செடி. வாரம் இரண்டு முறை நிரப்பினால் போதும், வேர் பானையைத் தேடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். நம் தண்ணீரில் ஒரு வருஷத்தில் பானையின் துளை அடைத்துவிடும், அப்போது மாற்றிவிடு. வாய்க்குத் தட்டோ தட்டைக் கல்லோ வைத்து மூடு, திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். ஐந்து பானை, இருபது செடி. முதல் வாரம் மட்டும் வேர் பிடிக்கும் வரை செடிக்கும் நேரடியாகக் கொஞ்சம் ஊற்று.