காசு கொடுத்து வாங்கிய கர்னல் பதவி: கார்டிகன் பிரபு பற்றிய கேள்வி-பதில்

முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையைக் 'கார்டிகன்' என்கிறோமே, அது இவர் பெயர்தானா?

இவர் பெயர்தான். ஜேம்ஸ் புரூடனெல், ஏழாவது கார்டிகன் பிரபு (1797–1868). ரஷ்யாவுடன் நடந்த கிரிமியப் போரிலிருந்து 1855 ஜனவரியில் அவர் இங்கிலாந்து திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். அவர் பெயரைச் சொல்லிப் பின்னல் மேலங்கிகள் விற்றன. அதை அவரே வடிவமைத்தார் என்ற கதையை நான் நம்பவில்லை. என் மனம் ஆறாத விஷயம் வேறு. அதே குளிர்காலத்தில், அவர் விட்டுவந்த படையின் குதிரைகள் தீவனமின்றி ஒன்றன் வாலை மற்றொன்று கடித்துத் தின்றன. வீரர்கள் கூடாரங்களில் விறைத்துக் கிடந்தார்கள். கம்பளி தேவைப்பட்ட இடம் அது.

ராணுவப் பதவியை விலைக்கு வாங்கினாராமே? லஞ்சமா?

லஞ்சம் இல்லை, சட்டம் அனுமதித்த விற்பனை. அரசே விலை நிர்ணயித்திருந்தது. சாதாரணக் குதிரைப்படையில் 'கார்னெட்' என்ற கடைநிலை அதிகாரி பதவி 840 பவுன், கேப்டன் 3,225, லெப்டினன்ட் கர்னல் 6,175. அதற்கு மேல் மறைவாகக் கைமாறிய தொகை தனி.

புரூடனெல் 1824-இல் கார்னெட்டாகச் சேர்ந்தார். 1830 முடிவதற்குள் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு போரையும் அவர் பார்த்ததில்லை. களத்தில் காயம்பட்டு, தொழிலைக் கரைத்துக் குடித்த அதிகாரிகள் கையில் பணமில்லாத ஒரே காரணத்தால் கீழ்ப்பதவியிலேயே நரைத்துப்போனார்கள். இந்த அநியாயம்தான் அவர் வாழ்க்கைக்கே திறவுகோல் என்பேன்.

1832-இல் 15-ஆவது ஹுஸார் (இலகு குதிரைப்படை) ரெஜிமெண்ட் அவர் கைக்கு வந்தது. வாத்தன் என்ற கேப்டன்மீது குற்றம் சாட்டி ராணுவ விசாரணைக்கு நிறுத்தினார். கேப்டன் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி, 1834-இல் இவரே பதவி இழந்தார். இரண்டே ஆண்டுகளில் இன்னொரு ரெஜிமெண்டின் தலைமை கிடைத்தது. அதுதான் 11-ஆவது குதிரைப்படை. அப்போது இந்தியாவில் இருந்தது. இந்தியாவில் வெயிலில் வெந்து, அனுபவம் பெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளை 'இந்தியர்கள்' என்று அவர் இளக்காரமாகவே நடத்தினார். 1840-இல் ஒரு விருந்து மேசையில் கறுப்பு பாட்டில் ஒன்று இருந்தது. அது 'இந்திய' அதிகாரிகள் குடிக்கும் மலிவான பீர் என்று எண்ணி, அதற்குக் காரணமான கேப்டனைக் கைது செய்ய வைத்தார். உண்மையில் அது விருந்தாளிக்காக வாங்கிய ஒயின்.

துப்பாக்கிச் சண்டை போட்டும் தண்டனை இல்லாமல் தப்பியது எப்படி?

தன்னைப் பத்திரிகையில் தாக்கி எழுதிய முன்னாள் அதிகாரி ஹார்வி டக்கெட்டை 1840-இல் விம்பிள்டன் திடலில் நடந்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்தினார். பிரபு என்பதால் வழக்கு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்கு வந்தது. குற்றப்பத்திரிகையில் இருந்த நீளமான முழுப்பெயருக்கு உரியவரும் சுடப்பட்டவரும் ஒருவர்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. 1841 பிப்ரவரியில் விடுதலை. சக பிரபுக்கள் காட்டிய சலுகை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

எம்.பி. ஆனது?

1818-இல், உறவினர் செல்வாக்கில் இருந்த மார்ல்பரோ தொகுதியில். 1837-இல் தந்தை இறந்ததும் பிரபுக்கள் சபைக்குப் போனார். அரசியலில் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை.

பாலக்ளாவாப் பேரழிவுக்கு அவர்தான் காரணமா?

இந்த ஒரு விஷயத்தில் பழி முழுவதும் அவர்மேல் விழக்கூடாது. 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவாப் போர். ரஷ்யர்கள் கைப்பற்றிய பிரிட்டிஷ் பீரங்கிகளை இழுத்துச் செல்வதைப் பிரிட்டிஷ் படைத் தளபதி ராக்லன் குன்றின்மேல் நின்று பார்த்தார்; தடுக்கும்படி எழுதி அனுப்பினார். கீழே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூகன் பிரபுவின் கண்ணுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டதற்கு, உத்தரவு கொண்டுவந்த கேப்டன் நோலன் பள்ளத்தாக்கின் பக்கம் கையை வீசிக் காட்டினார். லூகன், கார்டிகனின் சகோதரியை மணந்தவர். இருவருக்கும் நெடுநாள் பகை. அந்தப் பள்ளத்தாக்கு வழியே தாக்கும்படி, இலகு குதிரைப்படைக்குத் தலைமை வகித்த கார்டிகனிடம் லூகன் சொன்னார். எதிரிலும் இரு பக்கங்களிலும் ரஷ்யப் பீரங்கிகள் இருப்பதைக் கார்டிகன் சுட்டிக்காட்டினார். ராக்லனின் உத்தரவு என்று பதில் வந்தது. மேலும் வாதிடாமல் எல்லோருக்கும் முன்னால், திரும்பிப் பார்க்காமல், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் குதிரையில் சென்றார். சென்றவர்கள் சுமார் 670 பேர். இறந்தவர்கள் சுமார் 110.

அவர் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் பீரங்கி வரிசையை எட்டியதும் தன் வீரர்களைத் திரட்டாமல் தனியே திரும்பி வந்துவிட்டார். போர்க்காலத்தில் அவர் உறங்கியதும் துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில்தான். வாங்கிய பதவிக்குள் பொறுப்பு இருக்கவில்லை.

அந்த விற்பனை எப்போது நின்றது?

1871-இல். போர் அமைச்சர் கார்ட்வெல் கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை முடக்கியது. பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு விக்டோரியா ராணியின் ஆணை வழியாகவே அதை ஒழித்தது. கார்டிகன் அதைப் பார்க்கவில்லை. 1868 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். பாலக்ளாவாவில் அவரைச் சுமந்த ரொனால்டு என்ற குதிரையின் தலையைப் பதப்படுத்தி, நார்தாம்ப்டன்ஷயரிலுள்ள அவரது டீன் பார்க் மாளிகையில் வைத்திருக்கிறார்கள்.