வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டில் ஊர் சிம்மை என்ன செய்வது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோமிங் (ஊர் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் பாவிப்பது) பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அம்மா மூன்று மாதத்துக்கு சுவிஸில் உள்ள தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். இடையில் இரண்டு கிழமை பாரிஸிலும் நிற்பார். ஊர் நம்பரையே ரோமிங்கில் போட்டுக் கொடுக்கலாமா, அங்கே சிம் வாங்குவதா?
– களுவாஞ்சிக்குடி வாசகி

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. ஊர் சிம் எஸ்.எம்.எஸ். வாங்குவதற்கு மட்டும் இருக்கட்டும். வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு எண்ணான ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ரோமிங்கில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் காசு வெட்டுவதில்லை. வரும் அழைப்பை எடுத்தால் வெட்டும். டேட்டா ஓடினால் இன்னும் மோசமாக வெட்டும்.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 'ரோமிங்' வேறு, 'டேட்டா ரோமிங்' வேறு. முதலாவது உங்கள் கம்பனி அந்த நம்பருக்குத் திறந்துவிட வேண்டியது. அது இல்லாவிட்டால் சூரிச்சில் இறங்கியதும் 'நோ சேர்விஸ்' என்று காட்டும், ஓ.டி.பி.யும் வராது. இரண்டாவது போனுக்குள் இருக்கும் சுவிட்ச். முதலாவதைத் திறந்து, இரண்டாவதை மூட வேண்டும். கம்பனிக்குச் சொல்லும் வேலையைப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். கட்டுநாயக்கவில் வரிசையில் நின்றுகொண்டு செய்யும் வேலை அல்ல அது.

ப்ரீபெய்ட் சிம் என்றால் கொஞ்சம் ரீலோட் போட்டு அனுப்புங்கள். நீண்ட நாள் ரீலோட் இல்லாமல் கிடந்தால் நம்பர் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடலாம். வங்கிக் கணக்கும் வட்ஸ்அப்பும் அந்த நம்பரில்தானே இருக்கின்றன. மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு தடவை நீங்களே களுவாஞ்சிக்குடிக் கடையில் அந்த நம்பருக்கு ரீலோட் போட்டுவிடலாம்.

சுவிஸில் அம்மா அதிக நேரம் வீட்டு வைஃபையில்தான் இருப்பார். வெளியே போகும்போது தேவைப்படும் டேட்டாவுக்குச் சிறிய ப்ரீபெய்ட் சிம் போதும். வாங்கக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஆனால் அந்த சிம்மைப் பாரிஸில் பாவிக்கும் முன் விலையைக் கட்டாயம் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 யூன் 15 முதல் ரோமிங்குக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. பிரான்சில் வாங்கிய சிம்மை ஜேர்மனியிலும் இத்தாலியிலும் உள்ளூர் விலையில் பாவிக்கலாம் (மலிவான பெக்கேஜ்களில் டேட்டாவுக்கு ஓர் எல்லை வைத்திருப்பார்கள்). நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவையும் இதில் சேர்த்தி. சுவிட்சர்லாந்து இல்லை. லண்டனும் இப்போது இல்லை. ஆகவே பாரிஸில் இரண்டு கிழமைக்குப் பிரெஞ்சு சிம் ஒன்று வாங்குவதே நல்லது. அதைச் சுவிஸுக்குத் திரும்பியதும் கழற்றிவிடுங்கள்.

தங்கச்சி பாஸலிலோ ஜெனீவாவிலோ இருந்தால் இன்னொரு கவனம் தேவை. அந்த நகரங்கள் எல்லையிலேயே இருக்கின்றன. வீட்டு யன்னலோரம் நிற்கும்போதே போன் பிரெஞ்சு அல்லது ஜேர்மன் கோபுரத்தைப் பிடித்து, சுவிஸ் சிம்மை ரோமிங்குக்குள் தள்ளிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் தெரிவைத் தானியங்கியிலிருந்து மாற்றி, சுவிஸ் கம்பனியின் பெயரைக் கையால் தெரிவு செய்து வையுங்கள். பாரிஸுக்குப் போகும்போது மறக்காமல் மீண்டும் தானியங்கிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அங்கே சிக்னலே வராது.

டேட்டா ரோமிங்கை மூடித்தான் வைத்திருந்தேன். ஒரு கோலும் எடுக்கவில்லை. ஆனாலும் பில் வந்திருக்கிறது. எப்படி?
– கல்லடி வாசகர்

பெரும்பாலும் காரணம் கோல் ஃபோர்வர்டிங். நீங்கள் வெளிநாட்டில் இருக்க, ஊரிலிருந்து ஒருவர் அழைக்கிறார். போன் திறந்திருப்பதால் அழைப்பு அந்த நாட்டுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் எடுக்கவில்லை. 'எடுக்காவிட்டால் வொய்ஸ்மெயிலுக்கோ இன்னொரு நம்பருக்கோ அனுப்பு' என்று போட்டிருந்தால், அதே அழைப்பு அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குத் திரும்புகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பியதற்கு ஒரு கட்டணம். நீங்கள் போனைத் தொடவே இல்லை. போன் முழுதாக நிறுத்தப்பட்டிருந்தால் அழைப்பு இலங்கைக்குள்ளேயே திரும்பிவிடும், இந்தச் செலவு வராது.

புறப்படுமுன் ஊரில் வைத்தே ##002# என்று அடித்து அழைப்பு பொத்தானை அழுத்துங்கள். எல்லா ஃபோர்வர்டிங்கும் நீங்கிவிடும்.

ஐபோன் என்றால் இரண்டாவது சந்தேகம் ஐமெசேஜ் (ஐபோனின் சொந்த மெசேஜ் வசதி). சிம் மாறும்போது அது தன்னைப் பதிவு செய்துகொள்ள உங்களுக்குத் தெரியாமல் ஒரு வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பும். பாவிக்காதவர்கள் அதையும் ஃபேஸ்டைமையும் நிறுத்திவிடலாம்.

விமானத்தில் ஃபிளைட் மோட் போடாததும் ஒரு காரணமாகலாம். சில விமானங்களில் செய்மதி வழியாக ஓடும் கைபேசி நெட்வொர்க் உண்டு. மிகவும் விலை கூடிய ரோமிங்குகளில் அதுவும் ஒன்று, வழக்கமான பெக்கேஜ்கள் பெரும்பாலும் அதற்குச் செல்லாது.

வாப்பா, உம்மாவோடு உம்றா போகிறோம். மூன்று பேருக்கும் மூன்று சிம் தேவையா? ஒன்றை வாங்கி ஹொட்ஸ்பொட் போட்டால் போதாதா?
– காத்தான்குடி வாசகர்

ஹோட்டலில் போதும். மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரத்தில் போதாது. ஹொட்ஸ்பொட் சில பத்து மீற்றர்தான் எட்டும். கஃபாவைச் சுற்றும் தவாபில் கூட்டம் தள்ளி உம்மா ஒரு பக்கம் போய்விட்டால், அவருடைய போனில் அந்த நேரம் எதுவுமே இருக்காது. செலவைச் சுருக்க வேறு இடங்கள் உண்டு, இதில் சுருக்காதீர்கள். உங்களுக்கு டேட்டா கூடிய பெக்கேஜ், பெற்றோருக்கு உள்ளூர் அழைப்பு நிமிடங்கள் உள்ள சிறிய பெக்கேஜ் என்று எடுங்கள். சவூதியில் சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசாவோடு கைரேகையும் வைக்க வேண்டும். அதனால் உங்கள் பெயரில் மூன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து அவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்று பேரும் நேரில் போங்கள். எஸ்.டீ.சி., மொபிலி, செய்ன் மூன்றுக்கும் ஜித்தா விமான நிலையத்திலேயே கருமபீடம் உண்டு.

சிம் போட்டதும் மூவரின் நம்பரையும் +966 இல் தொடங்கி மூன்று போனிலும் சேமியுங்கள். ஒரு கடதாசியில் ஹோட்டல் பெயரையும் உங்கள் நம்பரையும் எழுதி உம்மாவின் பையில் வையுங்கள். பற்றரி இறங்கிய போனில் எந்தப் பெக்கேஜும் உதவாது.

கூட்டம் நிறைந்த நேரத்தில் நெட்வொர்க் அடைத்துக்கொள்ளும். வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும்போதும் சாதாரண எஸ்.எம்.எஸ். போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். மதீனாப் பள்ளிவாசலின் ரவ்ழாவுக்கு அனுமதி எடுக்கும் நுசுக் செயலியை ஊரிலேயே இறக்கி, கணக்கைத் திறந்து, உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மக்கா, மதீனா வரைபடங்களையும் கூகுள் மெப்ஸில் வீட்டு வைஃபையில் இறக்கி வைக்கலாம். ஜி.பி.எஸ். வேலை செய்ய டேட்டா தேவையில்லை.

மகன் டுபாய் போய் ஒரு மாதம். வட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது, கோல் மட்டும் போகவில்லை. போன் பிழையா? வீ.பி.என். போடலாம் என்கிறார்கள்.
– சம்மாந்துறை வாசகி

போன் பிழை இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டுள்ளன. எழுத்து, படம், குரல் பதிவு எல்லாம் போகும். அங்கே அனுமதியுள்ள போட்டிம் போன்ற செயலியை இரு பக்கமும் இறக்க வேண்டும். அதற்கு இணைய அழைப்புப் பெக்கேஜ் தேவையா என்று மகன் தன் சிம் கம்பனியிடம் கேட்கட்டும்.

வீ.பி.என். (இருக்கும் நாட்டை மறைத்து இணையத்துக்குள் போக உதவும் செயலி) வேண்டாம். தடுத்ததைத் தாண்டுவதற்கு அதைப் பாவித்தால் அந்த நாட்டுச் சட்டப்படி தண்டப்பணம் 5 இலட்சம் திர்ஹம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை. உழைக்கப் போன பிள்ளை அந்த ஆபத்துக்குள் போகக் கூடாது.

என் போனில் ஈ-சிம் வேலை செய்யுமா? நம்பலாமா?
– திருக்கோவில் ஆசிரியை

ஈ-சிம் என்பது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம். *#06# அடியுங்கள். வரும் பட்டியலில் ஈ.ஐ.டி. என்று நீண்ட எண் ஒன்று இருந்தால் ஈ-சிம் வசதி உண்டு. ஐபோனில் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். முதல் வருகிறது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று பூட்டி விற்ற போன் என்றால் வேறு சிம் ஏற்காது. ஐபோனில் 'அபவுட்' பக்கத்தில் 'கெரியர் லொக்' என்ற வரிக்கு நேரே 'நோ சிம் ரிஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும்.

பயண ஈ-சிம் நம்பகமானதுதான். ஆனால் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, அழைப்பு நம்பர் இருக்காது. கியூ.ஆர். குறியீட்டை ஊரில் வைஃபையில் இருக்கும்போதே ஏற்றுங்கள். பல குறியீடுகள் ஒரு முறைதான் ஏறும், 'வேலை செய்யவில்லை' என்று அழித்துவிட்டால் காசு போனதுதான்.

இறங்கியதும் வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம் இது: பயண ஈ-சிம் வேறொரு நாட்டுக் கம்பனியுடையதாக இருக்கும், ஆகவே அந்த ஈ-சிம்முக்கு டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும். ஊர் சிம்முக்கு மூடியிருக்க வேண்டும். ஒன்றைத் திற, மற்றதை மூடு. 'டேட்டா சுவிட்சிங்' என்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஈ-சிம் சிக்னல் குறையும்போது போன் தானாக ஊர் சிம்முக்குத் தாவும்.

புது சிம் போட்டதும் 'நம்பரை மாற்றவா?' என்று வட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே அது தொடர்ந்து ஓடும். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் ரோமிங்கின்போது தானாக இறங்கும் படம், வீடியோ எல்லாவற்றின் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் வைஃபையில் மட்டும் ஏறட்டும். டேட்டாவைத் தின்பவை இவையிரண்டும்தான், நீங்கள் அனுப்பும் மெசேஜ் அல்ல.

வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறோம். இந்திய சிம் எடுப்பது சிரமம் என்கிறார்களே?
– செங்கலடி வாசகர்

கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடவுச்சீட்டு, விசா இரண்டினதும் பிரதியும் புகைப்படமும் வேண்டும், தங்கும் விலாசத்தையும் கேட்பார்கள். வாங்கிய உடனே வேலை தொடங்காமல் சில மணி நேரம், சில வேளை ஒரு நாள் போகலாம். ஆகவே முதல் நாளைக்கு ஊர் சிம்மில் சிறிய ரோமிங் பெக்கேஜ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இந்திய நம்பர் இல்லாமல் வாடகைக் கார் செயலி முதல் விமான நிலைய வைஃபை வரை ஓ.டி.பி.யில் வந்து நின்றுவிடும் என்பதால், நீண்ட தங்கலுக்கு உள்ளூர் சிம் அவசியம். தெருவோரம் 'வேறு பெயரில் தருகிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள். நோயாளியோடு சாதாரண பட்டன் போன் இருந்தால் ஜியோ வேண்டாம், அதற்கு 4ஜி போன் தேவை. ஏர்டெல் அல்லது பீ.எஸ்.என்.எல். கேளுங்கள்.

கட்டாரிலிருந்து வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்தால் போகவில்லை.
– அக்கரைப்பற்று வாசகர்

சுருக்க எண்கள் நாட்டுக்கு வெளியே செல்லா. பணியகம், வங்கி, காப்புறுதி எல்லாவற்றினதும் முழு நம்பரையும் புறப்படுமுன் +94 இல் தொடங்கிச் சேமியுங்கள். வீட்டு நம்பர்களும் அப்படியே: 077 என்பதை +94 77 என்று, முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு.

வரும்போது அங்கிருந்து போன் கொண்டுவரலாமா?
– வாழைச்சேனை வாசகர்

வாங்குமுன் அந்தப் போனில் *#06# அடித்து போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை எடுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் இருக்கும். இலங்கை சிம்மிலிருந்து ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அந்தப் போன் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். 1909உம் சுருக்க எண்தான், ஆகவே எண்ணை வட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பி, ஊரில் உள்ளவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.